மின்மினிகள் ஒன்றாக மின்னுவதைப் பார்க்க எங்கே போகலாம்? படத்தில் வருவது போலவே கண்ணுக்கும் தெரியுமா?

கோவை வழிப்போக்கன்:
வணக்கம் நண்பர்களே. ஜூன் கடைசியில் குடும்பத்தோடு கோலாலம்பூர் போகிறோம். கிள்ளானில் இருக்கும் சித்தி மகள், கோல சிலாங்கூருக்கு ஓர் இரவு கட்டாயம் வாருங்கள், ஆற்றங்கரை மரங்களில் மின்மினிகள் எல்லாம் ஒரே நேரத்தில் மின்னும் என்கிறாள். வீட்டுக்காரம்மாவுக்கோ சின்னப் படகுச் சவாரிக்காக ஒரு மாலை முழுவதையும் செலவழிப்பதா என்று யோசனை. ஏழாம் வகுப்பு படிக்கும் மகன் ஆனைமலை மின்மினிப் படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, "இதே மாதிரி இருக்குமா?" என்று துளைக்கிறான். போய் வந்தவர்கள் சொல்லுங்கள். அப்படியே இந்தப் பூச்சிகள் ஏன் மின்னுகின்றன, அதுவும் ஏன் சேர்ந்து மின்னுகின்றன என்று அவனுக்குப் புரியும்படி யாராவது விளக்கினால் நல்லது.

கிள்ளான்காரன்:
வாங்க சார், தாராளமாகப் போகலாம். இடத்தின் பெயர் கம்போங் குவாந்தான். கோல சிலாங்கூர் டவுனிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள்தான். பகாங்கில் இருக்கும் குவாந்தான் நகரம் வேறு. ஜிபிஎஸ்ஸில் அதைப் போட்டுவிட்டுக் கிழக்குக் கரைக்குக் கிளம்பிவிடாதீர்கள்.

சிலாங்கூர் ஆற்றில் துடுப்புப் போடும் மரச் சம்பானில் நாலு பேராக உட்கார வைத்துக் கூட்டிப் போவார்கள். மோட்டார் கிடையாது. ஜூனில் இங்கே ஏழரைக்குத்தான் பொழுது சாயும். அதனால் எட்டு மணிக்கு மேல் ஏறுங்கள். கரையில் எல்லா மரத்திலும் பூச்சி இருக்காது. பெரம்பாங் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் அலையாத்தி மரத்தில்தான் கூடும். தூரத்தில் இருந்து பார்த்தால் இலைக்குள் ஏதோ துடிப்பது போலத்தான் தெரியும். படகு கிளைக்கு அடியில் போய் நின்ற பிறகுதான் விஷயம். ஒரு கிளை முழுக்கப் பட் பட்டென்று, நொடிக்குக் கிட்டத்தட்ட மூன்று முறை, ஒன்றாக ஏற்றி ஒன்றாக அணைக்கும். பூச்சி ஆறு மில்லிமீட்டர்தான் இருக்கும்.

இங்கே சீசன் என்று தனியாக இல்லை, வருஷம் முழுக்க உண்டு. மழை இரவைத் தவிருங்கள். அமாவாசையை ஒட்டிய நாள் கிடைத்தால் இன்னும் நல்லது. ஃப்ளாஷ் போட்டால் படகுக்காரரிடம் திட்டு நிச்சயம். சாயங்காலமே வந்துவிட்டால் டவுனிலேயே இருக்கும் புக்கிட் மெலாவத்தி குன்றில் குரங்கு பார்த்துவிட்டு, பாசிர் பெனாம்பாங் மீனவர் கிராமத்தில் மீன் சாப்பிட்டுவிட்டுப் படகுக்குப் போகலாம். அம்மாவுக்கும் மாலை வீணாகாது.

பொள்ளாச்சி மணி:
அந்த ஆனைமலைப் படத்தைப் பற்றி நான் சொல்கிறேன். 2022இல் உலாந்தி வனச்சரகத்தில், வனத்துறையோடு சேர்ந்து போனவர்கள் எடுத்தது. பூச்சியும் உண்மை, காடும் உண்மை. ஆனால் அந்த மாதிரிப் படம் ஒரே கிளிக்கில் வராது. காமிராவை முக்காலியில் நிறுத்தி, பத்து இருபது நொடி திறந்து வைத்துப் பல படங்கள் எடுத்து, எல்லாவற்றையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவார்கள். பல நிமிஷங்களில் மின்னிய அத்தனை புள்ளியும் ஒரே படத்தில் வந்து விழும். கண்ணுக்கு அந்த மஞ்சள் வெள்ளம் தெரியவே தெரியாது.

கண்ணுக்குத் தெரிவது வேறு. காமிராவில் வராதது. ஒரு மரத்தில் தொடங்கி அடுத்த மரம், அதற்கடுத்த மரம் என்று வெளிச்சம் அலையாக ஓடும். அப்புறம் சட்டென்று முழு இருட்டு. படம் அந்த இருட்டைக் காட்டாது, ஆனால் பாதி வேடிக்கை அதில்தான் இருக்கிறது. தம்பியிடம் இதை முன்கூட்டியே சொல்லிக் கூட்டிப் போங்கள், இல்லாவிட்டால் ஏமாந்து போவான்.

இன்னொன்று. டாப்சிலிப் போய் ராத்திரி பார்த்துவிட்டு வரலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அது புலிகள் காப்பகம், இரவில் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. யானை நடமாட்டம் வேறு. பக்கத்துத் தோட்டங்களிலேயே கோடை மழைக்குப் பிறகு, ஏப்ரல் பாதியிலிருந்து, தெருவிளக்கு இல்லாத இடமாகப் பார்த்து நின்றால் கொஞ்சமாவது கிடைக்கும்.

கோவை வழிப்போக்கன்:
நன்றி மணி அண்ணே, கிள்ளான் நண்பருக்கும் நன்றி. படம் அடுக்கியது என்று சொன்னதும் பையன் முகம் சுருங்கிவிட்டது. உடனே அடுத்த கேள்வி: "அவ்வளவு வெளிச்சம் விட்டால் பூச்சிக்குச் சுடாதா?"

வேதியியல் வாத்தியார்:
நல்ல கேள்வி. குண்டு பல்பில் கம்பி சூடேறித்தான் ஒளி வருகிறது. மின்மினியில் சூடேற எதுவுமே இல்லை. லூசிஃபெரின் என்ற பொருள், லூசிஃபெரேஸ் என்ற நொதியின் உதவியோடு, உடம்பின் ஆற்றல் நாணயமான ஏடிபியோடு சேர்கிறது. கூடவே கொஞ்சம் மெக்னீசியம் வேண்டும். அதன் மேல் ஆக்சிஜன் பட்டதும் கிளர்ந்த நிலையில் ஒரு மூலக்கூறு உருவாகி, தணியும்போது தன் ஆற்றலை ஒளியாக விடுகிறது. பெரும்பாலும் பச்சை கலந்த மஞ்சள். அகச்சிவப்பும் இல்லை, புற ஊதாவும் இல்லை. அதனால்தான் குளிர் ஒளி என்கிறோம்.

லூசிஃபெரின், லூசிஃபெரேஸ் என்று இரண்டு பொருளையும் 1880களில் பிரித்துக் காட்டியவர் ரஃபேல் துபுவா என்ற பிரெஞ்சுக்காரர். ஏடிபி இல்லாமல் இது நடக்காது என்று 1947இல் கண்டவர் அமெரிக்காவின் வில்லியம் மெக்எல்ராய். பால்டிமோர் பிள்ளைகளிடம் நூறு பூச்சிக்கு 25 சென்ட் கொடுத்து மின்மினி பிடித்து வரச் சொன்னார். இன்றைக்கு உணவுத் தொழிற்சாலை மேசையைத் துடைத்து, அதில் கிருமியோ அழுக்கோ மிச்சமிருக்கிறதா என்று சில நொடியில் பார்க்கும் கருவி இதே வினையில்தான் ஓடுகிறது. உயிருள்ளது எதிலும் ஏடிபி உண்டு, ஏடிபி இருந்தால் ஒளி வரும்.

சேலம் சுந்தர்:
சார், ஒரு சின்னச் சேர்க்கை. மின்மினியின் ஒளி நூறு சதவீதத் திறன் கொண்டது, ஒரு துளிகூட வீணாகாது. உலகத்திலேயே சிறந்த விளக்கு அதுதான்.

வேதியியல் வாத்தியார்:
சுந்தர், பாடப்புத்தகத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். 1960இல் அளந்தபோது 88 சதவீதம் என்று வந்தது, அதுவே புத்தகத்துக்குப் புத்தகம் தாவி நூறாகிவிட்டது. 2008இல் ஜப்பானியர்கள் புதிய கருவிகளோடு திரும்ப அளந்தார்கள், 41 சதவீதம். அதாவது நூறு மூலக்கூறு வினைபுரிந்தால் நாற்பத்தொன்று ஒளித்துகள். அதுவே பெரிய விஷயம்தான்.

சேலம் சுந்தர்:
ஒரு ஆய்வை வைத்து இப்படி அடித்துச் சொல்லக் கூடாது. சரி, விடுங்கள். பட்டென்று அணைப்பது எப்படி? வினை தொடங்கினால் தானாகத்தானே தீர வேண்டும்?

வேதியியல் வாத்தியார்:
ஆக்சிஜன்தான் சுவிட்ச். ஒளி உறுப்பின் செல்களுக்குள் லூசிஃபெரின் நடுப்பக்கம் இருக்கிறது, ஓரத்தில் செல்லின் ஆற்றல் கூடங்களான மைட்டோகாண்டிரியாக்கள் வரிசையாக நின்று, மூச்சுக்குழல் வழியாக வரும் ஆக்சிஜனை எல்லாம் வழியிலேயே தின்றுவிடுகின்றன. நரம்பிலிருந்து கட்டளை வந்ததும் நைட்ரிக் ஆக்சைடு சுரக்கிறது, அது மைட்டோகாண்டிரியாவை ஒரு கணம் மயக்கிப் போடுகிறது, அந்த இடைவெளியில் ஆக்சிஜன் உள்ளே போய்விடுகிறது. அப்புறம் அவை விழித்துக்கொண்டால் விளக்கு அணைந்தது. 2001இல் வந்த விளக்கம் இது. இதய நோயால் வரும் நெஞ்சு வலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரை உடம்பில் விடுவதும் இதே நைட்ரிக் ஆக்சைடைத்தான்.

பூச்சிக்காரி மலர்விழி:
எப்படி என்று வாத்தியார் சொல்லிவிட்டார், ஏன் என்பதற்கு நான் வருகிறேன்.

முதலில், மின்மினி ஈ அல்ல, வண்டு. லாம்பிரிடே குடும்பம், உலகத்தில் 2000க்கும் மேற்பட்ட இனங்கள். எல்லா இனத்திலும் வளர்ந்த பூச்சி மின்னுவதில்லை, ஆனால் அறிந்தவரை எல்லா இனத்துப் புழுக்களும் ஒளிரும். புழுவுக்குக் காதல் இல்லை, கல்யாணம் இல்லை. அப்புறம் எதற்கு விளக்கு? "என்னைத் தின்னாதே, கசப்பேன்" என்று எச்சரிக்க. பல இனங்களின் உடம்பில் லூசிபுஃபாஜின் என்ற நச்சு இருக்கிறது, தேரையின் நஞ்சுக்கு உறவு. அமெரிக்காவில் வீட்டில் வளர்த்த தாடிப் பல்லிகள் ஒரே ஒரு மின்மினியைத் தின்று செத்ததாகப் பதிவு உண்டு. ஆகவே ஒளி முதலில் எச்சரிக்கையாகத் தோன்றி, பிறகு வளர்ந்த பூச்சிகள் அதைத் துணை தேடும் மொழியாக எடுத்துக்கொண்டன என்பதுதான் இப்போது பலரும் ஏற்கும் கருத்து.

மொழி என்று சும்மா சொல்லவில்லை. ஆண் பறந்துகொண்டே தன் இனத்துக்கு உரிய தாளத்தில் மின்னும். புல்லில் உட்கார்ந்திருக்கும் பெண் பார்த்துக்கொண்டே இருந்து, பிடித்திருந்தால் சரியான இடைவெளி விட்டு ஒரு மின்னல் பதில் கொடுக்கும். அந்த இடைவெளி தவறினால் ஆண் திரும்பிப் பார்க்காது. ஜப்பானின் கெஞ்சி மின்மினி ஒரே இனம்தான், ஆனால் மேற்கு ஜப்பானில் இரண்டு நொடிக்கு ஒரு முறையும் கிழக்கில் நாலு நொடிக்கு ஒரு முறையும் மின்னும். வட்டார வழக்கு!

இதில் ஒரு கொலைகாரியும் உண்டு. வட அமெரிக்காவின் ஃபோட்டூரிஸ் பெண், வேறு இனத்துப் பெண்ணின் பதிலை அப்படியே நகல் செய்யும். ஆசையோடு இறங்கி வரும் ஆணைப் பிடித்துத் தின்னும். வயிற்றுக்காக மட்டுமில்லை, அந்த ஆணின் உடம்பில் இருக்கும் நச்சு தனக்கு இல்லை, அதைக் கைப்பற்றித் தன்னைக் காத்துக்கொள்ளத்தான்.

ஆண் பெண் எப்படித் தெரியும் என்று தம்பி கேட்டால், கையில் கிடைத்த பூச்சியை மெல்லப் புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அடிவயிற்றின் கடைசியில் வெளிறிய வளையம் இரண்டு இருந்தால் ஆண், ஒன்று மட்டும் என்றால் பெண். பல இனங்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவரும். பார்த்ததும் விட்டுவிடச் சொல்லுங்கள்.

டென்னசி குமரன்:
நான் இருப்பது அமெரிக்காவில் நாக்ஸ்வில் பக்கம். இங்கே கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவில் எல்க்மான்ட் என்ற இடம். மே கடைசியிலிருந்து ஜூன் நடு வரை ஃபோட்டினஸ் கரோலினஸ் என்ற இனம் சேர்ந்து மின்னும். ஐந்திலிருந்து எட்டு மின்னல், பிறகு எட்டு நொடி போல முழு இருட்டு, மறுபடி தொடக்கம். கூட்டம் தாங்காமல் இப்போது வண்டிகளுக்குக் குலுக்கல் முறையில்தான் அனுமதி.

வேடிக்கை என்னவென்றால், சேர்ந்து மின்னும் இனம் அமெரிக்காவில் கிடையாது என்றே விஞ்ஞானிகள் நினைத்திருந்தார்கள். எல்க்மான்ட் மரவீட்டில் கோடைகாலம் கழித்த லின் ஃபாஸ்ட் என்ற அம்மா, "எங்கள் வீட்டு வாசலில் வருஷா வருஷம் நடக்கிறதே" என்று 1990களின் தொடக்கத்தில் கடிதம் எழுதிய பிறகுதான் ஜோனதன் கோப்லண்டும் ஆண்ட்ரூ மொய்செஃபும் வந்து பார்த்து உறுதி செய்தார்கள். அதே இருவர் 2010இல் ஒரு சோதனை வெளியிட்டார்கள். பெண் பூச்சியைச் சுற்றிச் சின்ன எல்இடி விளக்குகளைப் போலி ஆண்களாக வைத்தார்கள். எல்லாம் ஒன்றாக மின்னியபோது பெண் 80 சதவீதத்துக்கு மேல் பதில் கொடுத்தது. ஆளுக்கொரு நேரம் மின்னியபோது பத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. நாலாபக்கமும் கண்டபடி மினுமினுத்தால் எது தன் இனத்தின் தாளம் என்று பெண்ணுக்குப் பிடிபடாது. அதோடு, எல்லா ஆண்களும் ஒன்றாக வாயை மூடும் அந்த எட்டு நொடியில்தான் பெண்ணின் மங்கலான பதில் கண்ணுக்குத் தெரியும்.

மதுரை மாறன்:
இதை ஒத்துக்கொள்ள முடியவில்லை குமரன். கோல சிலாங்கூரில் நொடிக்கு மூன்று முறை மின்னுகிறது என்கிறார் கிள்ளான்காரர். அங்கே எட்டு நொடி இருட்டு எங்கே? பெண் பதில் சொல்வது எப்போது? ஒரு இனத்தின் விளக்கத்தை எல்லாவற்றுக்கும் பொருத்துகிறீர்கள்.

பூச்சிக்காரி மலர்விழி:
மாறன் சொல்வதில் நியாயம் உண்டு. சிலாங்கூரில் இருப்பது டெராப்டிக்ஸ் டெனர். அங்கே ஆண் பறந்து தேடுவதில்லை. ஆணும் பெண்ணும் ஒரே மரத்துக்கு வந்து சேருகின்றன, அடர்ந்த சதுப்புக்காட்டில் அந்த மரமே அடையாளக் கம்பம். ஆண்கள் சேர்ந்து மின்னினால் மரம் தூரத்திலிருந்தும் தெரியும், புதுப் பெண்கள் வந்து இறங்கும் என்பது ஒரு விளக்கம். இறங்கிய பிறகு நடக்கும் பேச்சு பக்கத்துப் பக்கத்தில்தான். ஆக ஸ்மோக்கி மலையின் காரணம் வேறு, சிலாங்கூரின் காரணம் வேறு. சேர்ந்து மின்னும் பழக்கம் தனித்தனியாகப் பல இடத்தில் வந்திருக்கிறது.

மதுரை மாறன்:
அப்படிச் சொல்லுங்கள். தாளம் தொடங்கி வைப்பது எது? தலைவன் பூச்சி ஒன்று இருக்குமோ?

டென்னசி குமரன்:
தலைவன் கிடையாது. 1965இல் ஜான் பக், எலிசபெத் பக் தம்பதி தாய்லாந்து போய், பிடித்த பூச்சிகளை பாங்காக் ஓட்டல் அறையில் விளக்கை அணைத்துவிட்டுப் பறக்கவிட்டார்கள். முதலில் ஆளுக்கொரு பக்கம் சுவரில் ஒட்டிக்கொண்டு கண்டபடி மின்னின. கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் இருந்த இரண்டு ஒத்துப்போயின, பிறகு மூன்று, பிறகு சுவர் முழுக்க. ஒவ்வொரு பூச்சிக்குள்ளும் ஒரு தாளக் கடிகாரம் ஓடுகிறது, பக்கத்துப் பூச்சி மின்னுவதைப் பார்த்ததும் தன் கடிகாரத்தைச் சற்றே முன்னோ பின்னோ தள்ளி வைத்துக்கொள்கிறது. அவ்வளவு சின்ன விதி போதும், கூட்டம் முழுக்க ஒன்றிவிடும் என்று 1990இல் மிரோலோ, ஸ்ட்ரோகாட்ஸ் என்ற இரு கணிதக்காரர்கள் நிரூபித்தார்கள்.

அதற்கு முன்னால் நடந்த கூத்தைக் கேளுங்கள். சயாம், அதாவது இன்றைய தாய்லாந்தின் ஆற்றங்கரையில் மரங்கள் ஒன்றாக மின்னுவதை 1690இலேயே கேம்ப்ஃபர் என்ற ஜெர்மன் வைத்தியர் எழுதி வைத்திருக்கிறார். ஆனாலும் 1917இல் ஒருவர் புகழ்பெற்ற அறிவியல் இதழில், இதெல்லாம் பார்ப்பவரின் கண் இமை துடிப்பதால் வரும் மயக்கம் என்று எழுதினார்!

உடுமலை செல்வி:
நீங்கள் என்ன ஆராய்ச்சி வேண்டுமானாலும் பேசுங்கள். தூக்கணாங்குருவி கூட்டுக்குள் களிமண் உருண்டை வைத்து அதில் மின்மினியைக் குத்தி விளக்கு வைக்கும் என்று எங்கள் அப்பத்தா சொல்லும். கூட்டைப் பிரித்தால் களிமண் நிஜமாகவே இருக்கிறது, நானே பார்த்திருக்கிறேன்.

பூச்சிக்காரி மலர்விழி:
செல்வி அக்கா, களிமண் இருப்பது நூற்றுக்கு நூறு உண்மை. காற்றில் கூடு ஆடாமல் இருக்க எடைக்காக வைக்கிறது என்பதுதான் பறவை ஆய்வாளர்கள் தரும் விளக்கம். குருவி இருட்டினால் தூங்கப் போகிற பறவை, அதற்கு விளக்கு தேவையில்லை. அப்பத்தா கதையை மட்டும் விட்டுவிடாதீர்கள், பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

உடுமலை செல்வி:
சொல்லத்தான் போகிறேன். சின்னப் பிள்ளையில் தீப்பெட்டிக்குள் பிடித்து வைத்து, நெற்றியில் பொட்டாக ஒட்டிக்கொண்டு திரிந்தோம். இப்போது வாய்க்கால் மேட்டில் ஒன்றுகூட இல்லை. செல்போன் டவர் வந்தது, எல்லாம் போச்சு.

பொள்ளாச்சி மணி:
அக்கா, டவர் மேல் பழியைப் போட்டுவிட்டால் நாம் தப்பித்துக்கொள்ளலாம். வாய்க்கால் மேட்டில் முதலில் வந்தது களைக்கொல்லி. அடுத்து வாய்க்காலுக்குக் கான்கிரீட் பூசினார்கள். புழு ஈர மண்ணில் நத்தையையும் மண்புழுவையும் தின்று மாதக்கணக்கில் வளர வேண்டும், வளர்ந்த பூச்சியாக இருப்பது சில வாரம்தான். மண் போனால் பூச்சி எங்கிருந்து வரும்? மிச்சத்தை எல்இடி தெருவிளக்கு பார்த்துக்கொண்டது. 2020இல் உலகத்து மின்மினி ஆய்வாளர்களைக் கேட்டு வெளியிட்ட பட்டியலிலும் வாழிட அழிவு, செயற்கை வெளிச்சம், பூச்சிக்கொல்லி, இந்த மூன்றும்தான் முன்னால் நிற்கின்றன. வெளிச்சத்தில் ஆண் மின்னினாலும் பெண்ணுக்குத் தெரியாது, பேச்சே நடக்காது.

எங்கள் தோப்பில் மோட்டார் ரூம் விளக்கை இரவு அணைத்துவிடச் சொன்னேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஃபோகஸ் லைட்டைத் தென்னைக்கு மேலே கட்டிவிட்டார், இரவு முழுக்க எங்கள் பக்கமும் பகல்தான்.

கிள்ளான்காரன்:
இங்கேயும் அதே கதை. பெரம்பாங் மரத்தை மட்டும் காப்பாற்றினால் போதாது. புழு ஆற்றங்கரைச் சேற்றில், ரும்பியா என்ற சேகோ பனை மர நிழலில், உப்பும் நன்னீரும் கலக்கும் இடத்தில் ஒரு குட்டி நத்தையைத் தின்று வளர்கிறது. கரையை வழித்துச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வைத்தால் மரம் நிற்கும், பூச்சி வராது. தாய்லாந்தில் அம்பாவா என்ற ஊரில் விசைப்படகுகள் இரவெல்லாம் சத்தம் போட்டுச் சுற்றுலாக்காரர்களைக் கொண்டுவந்ததால், தூக்கம் கெட்ட கரைவாசிகள் கோபத்தில் மரத்தையே வெட்டினார்கள். அதனால்தான் சொல்கிறேன், துடுப்புப் படகையே தேடுங்கள்.

யாழ் நிலவன்:
இடையில் ஒரு கேள்வி. நியூசிலாந்து வைட்டோமோ குகைக்குப் போன மச்சான் அங்கே கூரை முழுக்க மின்மினி என்று படம் அனுப்பியிருக்கிறார். அதுவும் இதே பூச்சிதானோ?

பூச்சிக்காரி மலர்விழி:
இல்லை. அது ஒருவகைப் பூஞ்சைக் கொசுவின் புழு. நீலப்பச்சை ஒளி விட்டு, பசை நூலைத் தொங்கவிட்டு, ஒளியைத் தேடி வரும் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். மின்மினிக்கும் அதற்கும் உறவே இல்லை. அதன் ஒளி மின்னாது, நின்று எரியும்.

கோவை வழிப்போக்கன்:
எல்லோருக்கும் நன்றி. கோல சிலாங்கூர் முடிவாகிவிட்டது, வீட்டுக்காரம்மா மீனுக்காகவே சரி என்றுவிட்டார். கடைசியாக இரண்டு சந்தேகம். கொசுவுக்கு என்ன செய்வது? பிறகு, பையன் எங்கள் கொல்லையில் தொட்டிக்கு அடியில் வால்பக்கம் இரண்டு புள்ளி மங்கலாக ஒளிரும் கறுப்புப் புழு ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறான். பாட்டில் தேடிக்கொண்டிருக்கிறான்.

கிள்ளான்காரன்:
முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். கொசு மருந்து தடவுவதானால் படகுத்துறைக்கு வருவதற்கு முன்பே தடவுங்கள், படகில் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். கிளைக்குக் கீழே போகும்போது பூச்சி கையில் வந்து உட்காரும், மருந்துக் கையால் தொட வேண்டாம். டார்ச் எடுத்து வந்தால் சிவப்புச் செல்லோஃபேன் சுற்றிக்கொள்ளுங்கள், அதுவும் துறையில் நடக்க மட்டும்.

பூச்சிக்காரி மலர்விழி:
பாட்டில் வேண்டாம். வர்ணனையைப் பார்த்தால் மின்மினிப் புழு மாதிரித்தான் தெரிகிறது. தொட்டிக்கு அடியில் ஈரமும் குட்டி நத்தையும் இருப்பதால்தான் அங்கே இருக்கிறது. தொட்டியை நகர்த்தாதீர்கள், நத்தை மருந்து போடாதீர்கள், கொல்லை விளக்கை இரவில் அணைத்து வையுங்கள். நத்தையை அது எப்படிப் பிடிக்கிறது என்று பையனைப் பார்க்கச் சொல்லுங்கள். தாடையால் கடித்து நஞ்சேற்றி மரக்கச் செய்து, கரைத்துத்தான் குடிக்கும். சிவப்பு செல்லோஃபேன் டார்ச்சை இன்றைக்கே கட்டிக் கொடுத்துவிடலாம்.